புதன்கிழமை வந்தவள்

நண்டுக் கொட்டகையில் யோலெய்தாவின் கைக்கு ஈடு கிடையாது. வேகவைத்த நண்டை உடைத்து, ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட ஒட்டாமல் சதையைப் பிரித்துக் கிண்ணத்தில் போடுவாள். பக்கத்தில் இருப்பவள் ஒரு கிண்ணம் நிரப்புவதற்குள் இவள் இரண்டு முடித்திருப்பாள். மரகைபோ ஏரிக்கரையில் எங்கள் ஊர்க்காரர்கள் அவளைப் பற்றிச் சொல்கிற குறை ஒன்றுதான். தெரிந்தே போய் சான் வீத்தோ வீட்டில் வாழ்க்கைப்பட்டாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சான் வீத்தோ என்பது அந்த நோய்க்கு நாங்கள் வைத்த பெயர். முதலில் விரல் துள்ளும். பிறகு தோள், முகம், நடை, பேச்சு, கடைசியில் புத்தி. மருந்து கிடையாது. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்குப் பூவா தலையாதான். யோலெய்தா மலைப்பக்கத்திலிருந்து வந்தவள், அவள் வம்சத்தில் அது இல்லை. கல்யாணத்துக்கு முன் அவள் அம்மா எவ்வளவோ அழுது பார்த்தாளாம். அப்போது எர்மோகெனெஸ் படகின் விளிம்பில் நின்று வலை வீசுவான், படகுதான் ஆடும், அவன் ஆட மாட்டான். அதைப் பார்த்தே இவள் மயங்கினாள். இப்போது அவனை நாற்காலியோடு துணியால் கட்டி வைத்தால்தான் கஞ்சி ஊட்ட முடிகிறது. ஒரே மகள் லிஸ்பெத்துக்குப் பதினாறு வயது.

நான் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன் தலைநகரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, கையில் கட்டுகிற பட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கைக்கடிகாரம் மாதிரி இருக்கும், நேரம் காட்டாது. கை எப்படி அசைகிறது என்று நாள் முழுக்கக் குறித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு இரண்டு பட்டை. ஒன்று நோயாளிக்கு, இன்னொன்று அதே வீட்டில் ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க. எர்மோகெனெஸுக்கு முப்பத்தொன்று, யோலெய்தாவுக்கு முப்பத்திரண்டு. சனிக்கிழமைதோறும் நான் போய்ப் பழையதை வாங்கிக்கொண்டு, சார்ஜ் ஏற்றியதைக் கொடுப்பேன்.

பட்டையில் இருப்பதைக் கோடாக்கிக் காட்டுகிற மென்பொருளைக் கவனித்துக்கொள்பவன் ரிக்சியோ. செல்போன் பழுதுபார்க்கிற கடை வைத்திருப்பவன். யாரோ எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. மின்சாரம் நினைத்தால் வந்து நினைத்தால் போகிற எங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி அதைத் திறந்து மாற்றியிருந்தான். “இதுல மறைக்க ஒண்ணுமே இல்லக்கா, எவன் வேணா உள்ள பாக்கலாம்” என்று பீற்றிக்கொள்வான். ஒளிவுமறைவெல்லாம் எனக்குத்தான். பட்டையில் என்ன தெரிந்தாலும் வீட்டாரிடம் சொல்லக் கூடாது, பதினெட்டு வயசுக்குக் கீழே யாருக்கும் கட்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நல்ல காரணம்தான். முன்பு ஒருமுறை ரத்தம் பார்த்தபோது விடை தெரிந்துகொண்ட ஒருவன் ஏரியில் இறங்கினான், திரும்பி வரவில்லை.

ஒரு சனிக்கிழமை யோலெய்தா வாழைக்காய் சீவியபடி, லிஸ்பெத்துக்கும் ஒன்று கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். முடியாது என்றேன். கட்டினாலும் சொல்ல மாட்டோம் என்றேன்.

“மோசமா ஏதாவது தெரிஞ்சாலும் சொல்ல மாட்டியாக்கா?”

“மாட்டேன்.”

அவள் தலையாட்டிவிட்டு வாழைக்காயைச் சீவினாள். நான் அதோடு மறந்தேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மின்சாரமும் இணையமும் சேர்ந்து வருகிற நாளில்தான் கோடுகளைப் பார்க்க முடியும். அப்படி ஒரு நாள் பார்த்தபோது முப்பத்திரண்டாம் எண்ணின் கோடு எனக்குப் பிடிபடவில்லை. காலை ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை, தையல் மெஷின் ஓடின மாதிரி நெருக்கமாக இருக்க வேண்டிய நண்டுக் கை அதில் இல்லை. கடைசி மூன்று வாரமாக, அந்த நேரத்தில் கை சும்மா கிடக்கிறது. கிடக்கும்போதே திடீரென்று ஒரு துள்ளல். சற்று நேரம் கழித்து இன்னொன்று.

நீ தோண்டித் துருவித்தான் மென்பொருளைக் கெடுத்துவிட்டாய் என்று ரிக்சியோவிடம் சண்டைக்குப் போனேன். அவன் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துப் பார்த்துவிட்டுப் பிழையில்லை என்றான். புருஷன் பெண்டாட்டி பட்டை மாறியிருக்குமோ என்று பார்த்தால், முப்பத்தொன்று எப்போதும்போல ஆடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய வீட்டில் இரண்டு கை ஆடுகிறது. உப்புத் தண்ணீர் புகுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, புதுப் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு மத்தியான வெயிலில் ஓடினேன். அன்று என்ன கிழமை என்று நான் யோசிக்கவே இல்லை. புத்தி கெட்டவள்.

யோலெய்தா புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

“இன்னைக்குப் புதன்கிழமைக்கா.”

“பட்டையில தண்ணி போயிருக்கும்னு… மாத்திட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ரெண்டு வருஷமா சனிக்கிழமை தவிர நீ வந்ததில்ல.”

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். குரல் உயரவில்லை.

“சனிக்கிழமை நீ போனதும் லிஸ்பெத் கையில கட்டிவிடுவேன். எவ்வளவு நடக்கிறன்னு காட்டும்டின்னு சொல்லிவச்சிருக்கேன். அடுத்த சனிக்கிழமை நீ வர்றதுக்கு முன்னால கழட்டி நான் போட்டுக்குவேன். சொல்ல மாட்டேன்னுதான சொன்ன, வர மாட்டேன்னு சொல்லலையே. ஒண்ணுமில்லன்னா நீ சனிக்கிழமைதான் வருவே. மூணு சனிக்கிழமை நிம்மதியா தூங்கினேன்க்கா.”

எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது. என்மேல் அதைவிட.

“பட்டை நோயச் சொல்லாதுடி. ரத்தம் பாத்தாத்தான் தெரியும்” என்றேன். அது பொய்யில்லை.

“அப்ப எதுக்குக்கா இந்த வெயில்ல ஓடி வந்த?”

கொண்டுவந்த புதுப் பட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். எர்மோகெனெஸ் கட்டுக்குள் ஆடிக்கொண்டே அடுத்த வாய்க்குக் காத்திருந்தான். அவள் திரும்பி அவனுக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து லிஸ்பெத் பள்ளியிலிருந்து வந்தாள். என்னைக் கண்டதும் சிரித்து, ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பதினாறு வயசுப் பெண் ஏன் அப்படிப் பிடிக்க வேண்டும்? அம்மாவும் அதைப் பார்த்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

“நான் எவ்வளவு நடந்திருக்கேன்க்கா?”

“நெறைய நடந்திருக்கடி.”

அந்தப் பிள்ளை தன் கையிலிருந்த பட்டையைப் பெருமையாகத் துடைத்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் நான் வெளியே சொன்ன ஒரே விடை அதுதான்.

ரிக்சியோவிடம் உண்மையைச் சொன்னேன். வேறு ஆள் கட்டியிருந்தால் அந்தப் பதிவை நீக்க வேண்டும் என்பது விதி. பீற்றாமல், என் முகத்தைப் பார்க்காமல், அவன் மூன்று வாரத்தையும் அழித்தான். பதினெட்டு ஆகும்வரை லிஸ்பெத்தை யாரும் பரிசோதிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை போனேன். யோலெய்தா தன் கையை நீட்டினாள், நான் கட்டிவிட்டேன். அடுத்த முறை கோடுகளைப் பார்த்தபோது, காலை ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அவள் கை ஓடியிருந்தது. ஒரு இடத்தில்கூட வேகம் குறையவில்லை. பதிவேட்டில் முப்பத்திரண்டாம் எண்ணுக்கு நேரே, நலமாக இருக்கிறார், குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.