இரண்டாவது ஜான்

போன செவ்வாய்க்கிழமை காலையில் மேல் ஃபிளாட் நஸ்ரின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் டீம் லீடர். அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலையாம்.

"அங்கிள், ஒரு பழைய கையெழுத்து. எங்க டீம்ல யாருக்கும் படிக்க வரல."

என்னைத் தேடி வந்ததில் தப்பில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஓர் அரசு அலுவலகத்தில் பழைய பத்திரங்களுக்கு நகல் எடுத்தவன் நான். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்திருந்தாலும் படித்துவிடுவேன். ஸ்கூல் ஹெட்மாஸ்டர் சர்ட்டிஃபிகேட்டில் ரெண்டு வயசு கூடப் போட்டுத் தொலைத்ததால், ரெண்டு வருஷம் முன்னாடியே ரிட்டையர் ஆனவன் என்பதும் உங்களுக்குத் தெரியும். வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியிலேயே எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்...

நஸ்ரினுக்கு விசித்திரமான வேலை. அமெரிக்காக்காரர்களுக்கு வம்சாவளி தேடிக் கொடுப்பது. அங்கே ஒருத்தர் 'என் பாட்டனுக்குப் பாட்டன் யார்?' என்று கேட்பார். இங்கே நம் பிள்ளைகள் ஏசி ரூமில் உட்கார்ந்து கண்டுபிடிப்பார்கள். நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியும்?

இந்தத் தடவை கேட்டவர் எண்பது தாண்டிய ஓர் அம்மாள். அமெரிக்கா இங்கிலாந்துக்காரன் கையில் இருந்த காலத்தில், கப்பலேறி வந்து இறங்கிய தாமஸ் என்ற தச்சர்தான் அவர்கள் குடும்பத்தின் முதல் ஆள். தாமஸ் மகன் ஜான். அந்த ஜான் வழியில்தான் இந்த அம்மாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாராம். யார் வழியில் வந்தோம் என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு கண்ணை மூடவேண்டும் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்.

தாமஸ் குடியிருந்த ஊர் சர்ச் பதிவேட்டின் போட்டோவைப் படிக்க ஆரம்பித்தேன். தச்சர் தாமஸ் மகன் ஜான், ஞானஸ்நானம். சரி. சில பக்கம் தள்ளி... தச்சர் தாமஸ் மகன் ஜான், அடக்கம். வயது மூன்று.

நஸ்ரின் முகம் மாறிவிட்டது. "மூணு வயசுலயே போயிட்டாரா? அப்போ இந்தம்மா எங்கேர்ந்து அங்கிள் வந்தாங்க?"

அந்த வாய்ஸ் மெசேஜை மறுபடி ஓடவிட்டாள். நடுவில் இருமல். பிறந்தே இருக்க முடியாத ஒருத்தர் இருமுவதைக் கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் ரெண்டு பேரும் கேட்டோம்.

இன்னும் ரெண்டு பக்கம் தள்ளினால், மறுபடியும் ஒரு ஜான். ஞானஸ்நானம். அப்பா பெயர் தாமஸ்.

"இது வேற தாமஸ்," என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். "செத்த பிள்ளை பேரையே எவனாவது அடுத்ததுக்கு வைப்பானா? நம்ம பக்கம் ஒண்ணு தவறிட்டா அடுத்ததுக்கு குப்பன், பிச்சைன்னு வைப்பாங்க. குப்பையில கிடந்தது, பிச்சையா வந்ததுன்னு சொல்லி எமனை ஏமாத்தறது. அதே பேரை வெச்சா, வந்து தூக்கிட்டுப் போன்னு நாமளே அட்ரஸ் கொடுக்கற மாதிரி இல்ல?"

அவளுக்கும் நியாயமாகப் பட்டது. 'வம்சம் இங்கே முடிகிறது' என்று ரிப்போர்ட் தயார் செய்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை திரும்ப வந்தாள். நல்லவேளை, ரிப்போர்ட் போவதற்கு முன் அவள் மேனேஜர் பிடித்துவிட்டார். "அங்கிள், அந்தக் காலத்துல அவங்க அப்படித்தான் வைப்பாங்களாம். ஒரு குழந்தை போயிட்டா, அடுத்ததுக்கு அதே பேரு."

அந்த ரெண்டாவது ஜான் பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'தாமஸ் மகன்' வரை பேனா சரளமாக ஓடியிருக்கிறது. அப்புறம் ஒரு மைப்பொட்டு. எழுதுகிறவன் கை நின்றால்தான் அப்படி ஊறும், அது எனக்குத் தெரியும். இதே பெயர்தானா என்று பாதிரியார் நிமிர்ந்து கேட்டிருக்க வேண்டும். தாமஸ் தலையாட்டியிருக்க வேண்டும். அதற்கப்புறம்தான், ஜான்.

ரிப்போர்ட்டை மாற்றி அனுப்பினோம்.

சாயங்காலம் கீழ்க்கட்டளையில் இருக்கும் என் அக்காவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "கேட்டியா அக்கா, செத்துப்போன குழந்தை பேரையே..."

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"உங்கிட்ட யாருடா சொன்னா?" என்றாள்.

"எதை?"

"பாஸ்கரைப் பத்தி."

பாஸ்கர் நான்தான்.

அக்காவுக்கு இப்போது எழுபது தாண்டியாகிவிட்டது. அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தாளாம். அம்மா போய் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் சொன்னாள். எனக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை, ஜூன் மாதம், ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெயர் பாஸ்கர். ஒன்றரை வயசில் அம்மை கண்டு போய்விட்டது. அடுத்த ஐப்பசியில், தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டிலேயே நான் பிறந்தேன்.

"பிச்சைமுத்துன்னு வைக்கத்தான் எல்லாரும் சொன்னாங்க. அம்மா கேக்கல. அவன்தான் திரும்பி வந்திருக்கான், அவனுக்குத்தான் ஏற்கெனவே பேரு இருக்கேன்னுட்டா. ஸ்கூல்ல சேக்கும்போது பர்த் சர்ட்டிஃபிகேட் கேட்டாங்க. உனக்குப் பதியவே இல்ல. அவனோடது பீரோவுல இருந்துச்சு. அப்பா எடுத்துக் கொடுத்துட்டார். அவ்வளவுதான்டா."

அவ்வளவுதானா?

ஹெட்மாஸ்டர் தப்பாகப் போட்டார் என்று ஆயுசு பூராவும் நான் திட்டிய தேதி, தப்பே இல்லை. ஆள்தான் வேறு.

ஒன்று ஞாபகம் வந்தது. சர்ட்டிஃபிகேட்டில் இருக்கும் அந்த ஜூன் தேதியன்று அம்மா பாயசம் வைப்பாள். எனக்கு முன்னால் ஒரு டம்ளர், பக்கத்தில் ஒரு டம்ளர். ரெண்டையும் நான்தான் குடிப்பேன். ரெண்டாவதைக் குடிக்கும்போது மட்டும் அம்மா வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது பிடிக்கும். இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை நஸ்ரினிடம் சொன்னேன். அந்த அமெரிக்க அம்மாள் மூன்று வயது ஜானையும் வம்சாவளியில் போடச் சொல்லிவிட்டாராம். "உங்களுக்கும் ஒண்ணு போட்டுடலாம் அங்கிள்," என்று ஆர்வமாக உட்கார்ந்தாள். மூத்த பாஸ்கருக்குப் பிறப்புச் சான்று இருக்கிறது. அதே பிறந்த தேதியை வைத்துப் பள்ளிக்கூடம், உத்தியோகம், கல்யாணப் பதிவு, பென்ஷன் எல்லாம் இருக்கின்றன. இறந்ததற்குத்தான் எந்தப் பதிவும் இல்லை.

"இளையவருக்கு ஒரு ப்ரூஃப்கூட இல்லையே..." என்று ஆரம்பித்தவள், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நேற்று உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனேன். பென்ஷன் வாங்குகிறவர் இன்னும் இருக்கிறார் என்று வருஷா வருஷம் கைரேகை வைத்து நிரூபிக்க வேண்டுமே, அதுதான். கவுண்ட்டரில் இருந்த பெண், பெயரையும் அந்த ஜூன் தேதியையும் வாசித்தாள். விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

"பாஸ்கர், உயிரோட இருக்கார். சரிதானே சார்?"

"ஆமாம்மா," என்றேன். "இருக்கான்."