ஹெட்போன் டீச்சர்

எங்கள் பள்ளியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் என் தோழிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஹெட்போன் டீச்சர். காலையில் வந்ததும் ஒவ்வொரு ஹெட்போனையும் பஞ்சால் துடைப்பாள். கை வேலை செய்யும்போது வாயும் சும்மா இருக்காது. "யார் காதுல இவ்வளவு அழுக்கு? செடியே வளர்க்கலாம் போல!" பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் எனக்கு அதைக் கேட்டால்தான் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் மதியத்தில் அவளிடம் வருவார்கள். கணினி ஒரு வரியைப் படித்துக் காட்டும். பிள்ளை அதைத் திருப்பிப் படித்தால், சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு. அப்படி வந்தவள்தான் அந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி. ஆண்டு முடிவதற்குள் ஒரு பக்கமாவது வாசிக்காவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அவள் தங்கை நான்காம் வகுப்பு.

"அடுத்த வருஷம் அவ பக்கத்துல உட்காரணுமா? நான் பள்ளிக்கூடத்துக்கே வரல" என்று அழுதாள்.

ஒரே வாரத்தில் எல்லாம் பச்சை. ஹெட்போன் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். பார்த்தால், சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு படிக்கிறாள்! காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறாள்.

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். இவளோ நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி கண்ணு, என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கிற. இதுகிட்ட மட்டும் பேசற?"

"இது உச்சுக் கொட்டாது, டீச்சர்."

என் தோழி சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கணினியின் குரலை நிறுத்தினாள். "இனிமே நீ இதுக்குப் படிச்சுக் காட்டு. உன் குரலையே உள்ள வச்சிடலாம்." சிறுமி விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள், சரியாக வந்த வரியை இவள் பதிவு செய்தாள். சிறுமி திணறும்போதெல்லாம் என் தோழி, உச்சுக் கொட்டிவிடாமலிருக்கத் தன் வாயைத் தானே பொத்திக்கொள்வாள். எனக்குச் சிரிப்பும் வரும், அவள்மேல் பாசமும் பொங்கும்.

தேர்வன்று தலைமையாசிரியை புதுப் புத்தகம் ஒன்றை நீட்டினார். மூன்றாவது வரியில் சிறுமி நின்றுவிட்டாள். என் தோழியின் கை வாய்மேல் இருந்தது. சிறுமி அதைப் பார்த்தாள், விரலை வரியின் தொடக்கத்துக்கு நகர்த்தினாள், மெல்ல மெல்லப் பக்கத்தை முடித்தாள்.

"ஆறாம் வகுப்புக்குப் போம்மா" என்றார் தலைமையாசிரியை. ஹெட்போன் டீச்சர் பஞ்சால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்புக்கு வந்த தங்கைக்கும் அதே தடுமாற்றம். ஹெட்போனை மாட்டியவள் முதல் வரியிலேயே துள்ளி எழுந்தாள்.

"டீச்சர், உள்ள எங்க அக்கா படிக்கிறா! மெதுவா படிக்கிறா, எனக்குப் புரியுது!"

"ஆமாண்டி. கண்ணைத் திறந்துகிட்டுக் கேளு."