மிளகளவு கல்

எங்கள் வீட்டில் நான் தொடவே கூடாத பொருள் மாமாவின் பிலிம் ரோல் டப்பா. அம்மாவின் தம்பியான அவர், புதுப்பட்டினத்தில் எங்களோடு தங்கி ஆராய்ச்சி வேலை பார்த்துவந்தார். டப்பாவுக்குள் இருந்தது, விண்கல் ஒன்றிலிருந்து உடையாமல் பிரித்தெடுத்த மிளகளவு உருண்டை. அவ்வளவு பெரிதாக, முழுசாக ஒன்று கிடைக்க அவருக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பூமியே இல்லாத காலத்தில் சூரியனைச் சுற்றித் தூசியும் வாயுவும்தான் இருந்தனவாம். அந்தத் தூசி திடீரென்று சூடேறி உருகி, சொட்டாகத் திரண்டு, சில மணி நேரத்திலேயே இந்த மாதிரிக் கல்லாக இறுகிவிட்டதாம். சூடேற்றியது எது என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாதாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் மறுநாள் காலை செங்கல்பட்டில் ரயிலேறி, வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அந்த உருண்டையை எடுத்துப் போவதாக இருந்தார். கை வியர்வை பட்டாலே சோதனை பாழாகிவிடும் என்று என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருந்தார். ஊறுகாய் ஜாடிக்கும் அம்மா இதையேதான் சொல்வாள். ஜாடிக்குக் கொடுத்த மரியாதையைத்தான் நான் டப்பாவுக்கும் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் மூன்று வயதுத் தம்பியிடம் பெருமையடிக்க அதைத் திறந்தேன். கீழே விழுந்த மூடியைக் குனிந்து எடுப்பதற்குள், அவன் கல்லை மூக்கில் திணித்துக்கொண்டான். அலறினேன்.

ஓடிவந்த அம்மா விரலை விடப்போக, மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் உள்ளே போனால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் என்றார். தம்பி அழுவதற்கு மூச்சை இழுத்தபோதெல்லாம் அம்மாவின் முகம் வெளுத்தது.

“உள்ள இழுக்காத நைனா. வாயால மூச்சு வுடு,” என்றார் மாமா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவர் என் தம்பியின் இன்னொரு மூக்குத் துளையை அழுத்திப் பிடிக்க, அம்மா அவன் வாயில் வாய் வைத்து ஊதினாள். வரவில்லை. மறுபடி ஊதினாள். அப்போதும் வரவில்லை. மூன்றாவது தடவை சளியோடு தெறித்துத் தரையில் உருண்டது. இருவரும் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கல்லை யாரும் தேடவில்லை. கட்டிலுக்கடியில் நான்தான் கண்டெடுத்தேன். செய்த தப்பைச் சரிக்கட்ட சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பாவாடையில் துடைத்து, பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவி மாமாவிடம் நீட்டினேன்.

வெறுங்கையாலேயே அதை வாங்கிக்கொண்டார்.

“சுத்தமா கீது கண்ணு,” என்றார்.

மறுநாள் மாமா ரயிலுக்குப் போகவில்லை. பகலெல்லாம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களை விட்டுப் போக அவருக்கு மனசே வரவில்லை என்று நான் தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.