பயோடேட்டாவே பாஸ்வேர்டு

போன வாரம் எனக்கு ஒரு பச்சை டிக் கிடைத்தது. ஜனாதிபதி கையால் விருது வாங்கினவர்கள்கூட இவ்வளவு அலட்ட மாட்டார்கள் என்கிறார் வீட்டுக்காரர். அலட்டினால் என்ன தப்பு?

எல்லாம் மந்தைவெளியில், எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஆரம்பித்தது. அங்கே ஸ்டெல்லா — ஸ்கூல் டீச்சர், என் சிநேகிதி. மகள் ஜெனிக்கு மாப்பிள்ளை தேடி ஒரு மேட்ரிமோனி சைட்டில் போட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"மாதாவே! வத்சு, யாரோ ஜெனி ப்ரொஃபைலுக்குள்ள பூந்துட்டாங்கடி. கண்டவனுக்கெல்லாம் 'உங்களைப் பிடிச்சிருக்கு'ன்னு மெசேஜ் போயிருக்கு. வடபழனியிலேர்ந்து ஒருத்தர் போன் பண்ணி, பொண்ணு பார்க்க எப்ப வரலாம்னு கேக்கறார்!"

சிரிப்பு வந்தது. பின்னாலேயே வந்த ஜெனியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஆன்ட்டி, ப்ரொஃபைலை அழிச்சுட்டேன். இனிமே என் போட்டோ எந்த சைட்லயும் இருக்கக் கூடாது. எனக்குக் கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

ஸ்டெல்லா அழுதே விட்டாள். அதன்பிறகு ஒரே வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"பாஸ்வேர்டு என்னடி வெச்சிருந்தே?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"ஜெனி பேரு, பக்கத்துல அவ பொறந்த தேதி. மறக்கவே மறக்காது பாரு."

அடிப்பாவி! பயோடேட்டாவின் முதல் ரெண்டு வரியே அதுதானே? அதைத்தானே சர்ச் பங்கு மக்களில் ஆரம்பித்து தி. நகர் புரோக்கர் வரைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்? வீட்டுச் சாவியை ஊருக்கே கொடுத்துவிட்டு, திருடன் எப்படி வந்தான் என்றால்...

சிரிக்காதீர்கள். உங்கள் பாஸ்வேர்டு என்ன?

பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விடாமல், போனுக்கு வருகிற ஓடிபியையும் கேட்கிற சைட்கள் உண்டு இல்லையா? இந்த ரெண்டாவது பூட்டு எந்த சைட்டில் இருக்கிறது, எதில் இல்லை என்று சொல்ல இணையத்தில் ஒரு பொது டைரக்டரி இருக்கிறது. யாரும் எழுதிச் சேர்க்கலாம். எங்கெங்கோ இருக்கிற தன்னார்வலர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொள்வார்கள்.

தேடினேன். நம்ம ஊர்க் குடும்பங்கள் புழங்கும் சின்ன மேட்ரிமோனி சைட் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. வந்ததே கோபம்! பேங்க் பணத்துக்கு ரெண்டு பூட்டு, வீட்டுப் பெண்ணின் போட்டோவுக்கு ஒன்று போதுமா?

ஒவ்வொரு சைட்டிலும் அக்கவுன்ட் திறந்து செட்டிங்ஸைக் குடைந்தேன். (மணமகன் தேவையா என்று என்னைக் கேட்டதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இப்போது படித்துக்கொண்டிருப்பார்.) கடைசியில் ஒரு சைட்டின் மூலையில் ஒளிந்திருந்தது ரெண்டாவது பூட்டு!

டைரக்டரியில் சேர்க்கச் சொல்லி எழுதினேன். ஆதாரம் எங்கே என்று பதில் வந்தது. ஆதாரம் இருந்தது — தமிழில்! அந்த சைட்டின் உதவிப் பக்கம் முழுக்கத் தமிழ். சரிபார்க்கிறவருக்கோ ஒரு எழுத்துகூடத் தெரியாது. விடுவேனா? வரிக்கு வரி இங்கிலீஷ் பண்ணி, எந்த பட்டனை எங்கே அமுக்கணும் என்று படத்தோடு அனுப்பினேன். ஒரு கமா தப்பு என்று திருப்பி அனுப்பினார். எனக்கேவா! பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன்.

வந்தது பச்சை டிக் — ஏற்றுக்கொண்டாச்சு என்று அர்த்தம். கீழே, தமிழிலேயே, 'நன்றி'. எந்த ஊர்க்காரரோ, எங்கே தேடி எடுத்து ஒட்டினாரோ... கண் கலங்கிவிட்டது எனக்கு. இத்தனை வருடமாகப் பத்தி எழுதுகிறேன். யாருக்காவது ஒரு வழி காட்டுகிற மாதிரி நான் எழுதியது டைரக்டரியில் ஏறிய அந்த ஒரு வரிதான் என்று தோன்றியது.

அதை ஜெனியிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"சரி ஆன்ட்டி. மம்மி இந்த சைட்ல வேணா போடட்டும். ஆனா ஓடிபி என் போனுக்குத்தான் வரணும்."

முன்னெல்லாம் பையன் வீட்டார் கிளம்பி வருகிற அன்றைக்குத்தான் ஜெனிக்கே விஷயம் தெரியும். இப்போது ஸ்டெல்லா ஒவ்வொரு தடவை சைட்டுக்குள் போகவும் ஜெனியின் கிண்டி ஆபீசுக்கு போன் போட வேண்டியிருக்கிறது.

"ஜெனி, ஓடிபி சொல்லும்மா."

"முதல்ல பையன் யாருன்னு சொல்லுங்க மம்மி."

ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாதுதான். பெற்ற தாய் இப்படிக் கெஞ்சிக் கேட்டால்? தினமும் பேசிக்கொள்கிறார்கள். சிரிப்புச் சத்தம்கூட எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது.

நேற்று ஸ்டெல்லா என்னைப் பிடித்துக்கொண்டாள். "பூட்டு திருடனுக்குன்னுதானேடி சொன்னே? என்னையும்ல வெளியில நிக்க வெச்சிடுச்சு!"

பூட்டு சரியாகத்தான் வேலை செய்கிறது என்றேன்.