மீட்டர் கேட்ட வண்டி நம்பர்

எங்கள் ஊரில், அதாவது நான் இப்போது இருக்கும் ஸ்காட்லாந்துத் துறைமுக நகரத்தில், தெருவோரப் பார்க்கிங் மீட்டர்களின் வாயை அடைத்துவிட்டார்கள். காசு போடும் துளையின் மேல் ஒரு தகட்டை வைத்துத் திருகி, 'கார்டு மட்டும்' என்று மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறார்கள். போன செப்டம்பரில் ஒரு காலை, உள்ளங்கை நிறையச் சில்லறையோடு அதன் முன் போய் நின்றேன். தகட்டைத் தடவிப் பார்த்தேன். பின்னால் குடையோடு நின்ற இளைஞன், "ரொம்ப நாளாகவே இப்படித்தான்" என்றான். கடிந்துகொள்வதாக நினைத்து "சாரி" என்றேன். அவனும் "சாரி" என்றான். இங்கே பாதிப் பேச்சு இப்படித்தான் முடியும்.

நான் நர்ஸ். தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தேன். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மகள் ஜெசிக்கு ஆறு வயதானபோது நெஞ்சுவலியில் போய்விட்டார். ஜெசியை என் அக்கா ஸ்டெல்லாவிடம் விட்டுவிட்டு வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவளுடைய விசா விஷயமாகத்தான் வக்கீலைப் பார்க்கப் போனேன். பதினெட்டு வயது நிறைவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பிறந்தநாளுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அவளுக்காக இரண்டு அறை உள்ள வீட்டுக்கு மாறி, கட்டில், மேசை, கனத்த குளிர்காலக் கோட்டு எல்லாம் வாங்கி வைத்திருந்தேன்.

கார்டைத் தேடி எடுத்தேன். மீட்டர் முதலில் வண்டி நம்பரைக் கேட்டது. மழை நீர் திரையில் வழிந்தது, பின்னால் ஆள் நிற்கிறது, நேரமாகிவிட்டது. மளமளவென்று அடித்தேன். கார்டை வைத்ததும் பீப் என்றது, ரசீது வந்தது. கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

நான் அடித்தது தூத்துக்குடி ஸ்கூட்டியின் நம்பர். டி.என். 69 என்று தொடங்குவது. அவர் போன பிறகு வேலைக்குப் போவதற்காக வாங்கிய வண்டி. மருத்துவமனை வாசலில் ஒரு நோட்டு உண்டு. வண்டியை நிறுத்துகிற யாரானாலும் அதில் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காவலுக்கு இருந்த அண்ணாச்சிக்கு என்னை நன்றாகத் தெரியும். "சிஸ்டர், நீங்களும் எழுதணும், ரூல்ஸ்லா" என்று நோட்டை நீட்டுவார். ஒன்பது வருடம், ஷிப்டுக்கு ஒரு முறை. என் சொந்தப் பிறந்த தேதியைக்கூட அத்தனை முறை எழுதியிருக்க மாட்டேன்.

வக்கீலம்மா காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரி, ஜெசியின் கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவை மூடிவிட்டு, "உங்கள் மகளுக்கு இங்கே வர விருப்பம்தானே?" என்று கேட்டார். வழக்கமான கேள்வி போலத்தான் கேட்டார். "ஆமாம்" என்றேன். சொன்ன பிறகுதான், அதை நான் அவளிடம் கேட்டதே இல்லை என்பது உறைத்தது.

திரும்பி வந்தபோது காரின் கண்ணாடியில் அபராதச் சீட்டின் மஞ்சள் உறை. பக்கத்திலேயே பார்க்கிங் காவலர், வயதானவர், நின்று எழுதிக்கொண்டிருந்தார். ஓடிப் போய் ரசீதைக் காட்டினேன். "நான் கட்டிவிட்டேனே!"

அவர் ரசீதையும் காரின் நம்பர் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது இந்தக் கார் இல்லையே, ஹென்."

இங்கே பெண்களை அன்பாக ஹென் என்பார்கள். வந்த புதிதில், என்னைக் கோழி என்கிறார்களே என்று ஒரு வாரம் முகம் சுளித்திருக்கிறேன். நம் பக்கத்து 'ஏளா' மாதிரிதான் அது என்று பிறகு புரிந்தது.

ரசீதை வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் கலங்கின. "இதுவும் என் வண்டிதான்" என்றேன்.

"அப்படியா? எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்?"

"தூத்துக்குடியில்."

"அது எந்தப் பக்கம்? பழைய மீன் சந்தைக்குப் பின்னாலா?"

மீன் சந்தை இருக்கிறது, ஆனால் இந்த மீன் சந்தை இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்தியா, தென்கோடி, துறைமுகம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதியதை அழிக்கத் தனக்கு அதிகாரமில்லை, அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள், தன்னிடம் சொன்னதை அப்படியே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தார்.

காரில் உட்கார்ந்து, ரசீதையும் மஞ்சள் உறையையும் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். ஜெசி என்னோடு சரியாகப் பேசி மூன்று மாதம் இருக்கும். "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "படிச்சியா?" என்றால் "ம்." ஊரை விட்டு நான் கிளம்பிய அன்று வாகைக்குளம் விமான நிலையத்துக்கு அக்காவோடு ஸ்கூட்டியில்தான் வந்தாள். பின்னிருக்கையிலிருந்து இறங்கியவள் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. "முகத்தைக் காட்டுளா" என்று கெஞ்சினேன். தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணாடி மூடிக்குள் அவள் மூச்சு ஆவியாகப் படர்ந்திருந்தது. அதற்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

போன் அடித்தது. அக்கா என்று நினைத்து எடுத்தேன்.

"எம்மா, நம்ம வண்டிக்கு அங்கன பார்க்கிங் போட்டியாக்கும்?" ஜெசி விழுந்து விழுந்து சிரித்தாள். "வண்டி இந்தா நம்ம வாசல்ல நிக்கு. பெரியம்ம கழுவுதா. வேணும்னா போட்டோ எடுத்து அந்தப் போலீஸ்கிட்ட காட்டு!"

"கைப் பழக்கத்துல அடிச்சிட்டேன்ளா." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தோம்.

"எம்மா, ஒண்ணு சொன்னா ஏச மாட்டியே?"

"சொல்லு."

"நான் இன்னும் கையெழுத்துப் போடல. போடுதேன் போடுதேன்னு பெரியம்மட்ட சொல்லிட்டே இருக்கேன். எனக்கு மீன்வளம் படிக்கணும்மா. நம்ம கடல்ல, தீவுகளச் சுத்தி, பவளப்பாற இருக்குல்லா, அதப் பத்திப் படிக்கணும். அதுக்கு நான் இங்கதான இருக்கணும்? நீ எங்கிட்ட ஒரு தடவகூடக் கேக்கலியேம்மா."

சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. இங்கேயும் கடல் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது. உனக்குக் கட்டில் வாங்கிவிட்டேன். கையிலிருந்த ரசீது ஈரத்தில் சுருண்டுகொண்டிருந்தது. அவள் சிரித்த சத்தம் இன்னும் காதிலேயே இருந்தது. மறுபடி மூன்று மாதம் "ம்" கேட்க எனக்குத் தெம்பில்லை.

"போடாண்டாம்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஆனா டெய்லி பேசணும்."

"பேசுதேம்மா." குரல் உடைந்தது. "நீ அழுதியா?"

"இல்ல, மழ" என்று போனை வைத்தேன். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து நெடுநேரம் அழுதிருப்பேன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அதே காவலர். என் முகத்தைப் பார்த்தவர், கையிலிருந்த கருவியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இன்னும் பத்து நிமிடம், ஹென். நான் அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று நடந்தார். பத்து நிமிடம் கழித்து வந்தபோதும் என்னைத் தாண்டிப் போனாரே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை.

அலுவலகத்துக்கு எழுதினேன். இந்த ஒரு முறை அபராதத்தை நீக்குகிறோம், அடுத்த முறை வண்டி நம்பரைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது. வக்கீலம்மாவிடம் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறந்தநாள் வந்தது, போனது. குளிர்காலக் கோட்டை என்னோடு வேலை பார்க்கும் கேரளத்துப் பெண்ணுக்குக் கொடுத்தேன். கட்டிலைக் கொடுக்க மனம் வரவில்லை.

ஜெசி சொன்னபடி தினமும் பேசுகிறாள். நவம்பரில் ஒரு நாள், எனக்கு விடுமுறை, சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். இங்கே அபூர்வமாக நல்ல வெயில். பாறைகளைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "எம்மா, மழ வந்துட்டு! கொடியில துணி கெடக்கு!" என்று கத்தியபடி போனைப் போட்டுவிட்டு ஓடினாள். தகரத்தில் பெரிய பெரிய துளிகள் விழும் சத்தம் கேட்டது. அக்கா ஏதோ கூவினாள். நான் பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு பாதித் தோட்டம் வரை ஓடி வந்திருந்தேன். கொடியில் என் துணிகள் வெயிலில் மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன்.