குடை பிடித்த நரி

என் மகளின் கட்டிலில் பழைய தலையணை உறை ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பாப்ளின் துணி பழுத்து மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. அதன் மூலையில் ஒரு நரி, பின்னங்கால்களில் நின்றபடி குடை பிடித்திருக்கிறது. சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும் குடை. குடைக்கு மேல் நீல முடிச்சுகளாக மழை. போன சனிக்கிழமை காலை, மகளின் பள்ளிச் சுற்றுலா பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், படுக்கையைத் தட்டிப் போட்ட என் விரலில் அந்த நரியின் கண் ஈரமாகப் பட்டது. வெளியே நல்ல வெயில். பஸ் மரக்காணம் கடற்கரைக்குப் போகிற பஸ். அங்கே கழிமுகத்தில் பிள்ளைகளைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவளை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு இன்னொரு ஹாரன் சத்தத்துக்குள்தான் நேரம் இருந்தது. அந்த ஈரத்துக்கு என் வீட்டில் என்ன அர்த்தம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டிய வீட்டில் இருந்தோம். அப்பா அளத்தில் மேஸ்திரி. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களோடு இருந்தாள். எனக்கு அப்போது ஏழு வயது. பொழுது சாய்ந்தால் அளத்து வரப்புகளில் நரிகள் ஊளையிடும். வெள்ளை வெளேரென்று கிடக்கும் பாத்திகளின் மேல் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. கட்டிலுக்கு அடியிலிருந்து வருவதாக நான் நம்பினேன். அம்மா அதட்டிப் பார்த்தாள், திருநீறு பூசிப் பார்த்தாள். சின்னம்மா மட்டும் பிஸ்கட் டின்னைத் திறந்து நூல் கண்டுகளைப் பாயில் கொட்டினாள்.

"அந்த நரி கையில ஒரு குடையக் குடுத்துடலாம்டி. குடை புடிச்சிக்கினு நிக்கிற நரி யாரப் பயமுறுத்தும்?"

அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "நரிக்கு எதுக்குடி குடை? கல்யாணத்துக்கா போவுது?"

"அளத்து நரி ஆச்சே அக்கா. மழை வந்தா உப்பு கரைஞ்சிடும்னு மாமாவுக்கு மட்டுந்தான் வயிறு கலங்கணுமா?"

நிறம் தேர்ந்தெடுக்கச் சின்னம்மா என்னை உச்சி வெயிலில் உப்பு அம்பாரத்துக்குக் கூட்டிப் போவாள். வீட்டுக்குள் இருட்டில் எல்லா நூலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், உப்பின் மேல் வைத்தால்தான் எது பொய் நிறம் என்று தெரியும் என்பாள். நூல் கண்டுகளை அந்த வெள்ளைச் சரிவில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு, கண் கூச, இருவரும் குந்தி உட்கார்ந்து பார்ப்போம். நரியின் முதுகுக்குச் செங்கல் நிறம், விலாவுக்குக் கடுகு மஞ்சள், வயிற்றுக்கு வெங்காயச் சருகின் நிறம். நான் வாலுக்கு ஊதா கேட்டேன். சின்னம்மா யோசித்துவிட்டு, நுனியில் மட்டும் வைக்கலாம், நாவல்பழத்தை மிதித்துவிட்டு வந்த நரி என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். கண்ணுக்குக் கறுப்பை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். "கறுப்பு வெச்சா முறைக்கும். காபித்தூள் கலரு வெச்சா பேசும்."

உடலின் ஓரத்தைக் காம்புத் தையலில் ஓட்டினாள். ரோமத்துக்கு ஒரு தையல் நீளம், அடுத்தது குட்டை. குடையின் விளிம்புக்குச் சங்கிலித் தையல். மழைத்துளிகளுக்கும் கண்ணுக்கும் ஊசியில் நூலைச் சுற்றி இழுக்கும் முடிச்சு. ரோமம் எந்தப் பக்கம் படியுமோ அந்தப் பக்கமாகவே நூலைப் படுக்க வைத்ததால், வெளிச்சம் படும் கோணம் மாறும்போதெல்லாம் அதன் பளபளப்பும் மாறும். கட்டிலைச் சுற்றி நடந்தால் நரி தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பது போல இருக்கும். நான் பயப்படவில்லை. அது குடை பிடித்த நரி.

மலிவான நூல் சாயம் விடும். அதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் நூலை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துத்தான் தைப்பார்கள். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அடுப்படி உப்பை எதற்குக் கரைக்க வேண்டும் என்று, சின்னம்மா அளத்திலிருந்தே ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்தாள். உப்பை வாரியெடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சிக் கிடக்கும் தண்ணீர். எண்ணெய் போல வழவழப்பாக இருக்கும். நாக்கில் பட்டால் கரிக்காது, கசக்கும்.

உறையைத் தலையணைக்குப் போட்ட சில நாட்களில் ஒரு காலை என் கன்னம் நனைந்திருந்தது. எச்சில் வடித்திருக்கிறேன் என்று அம்மா சொன்னாள். ஆனால் துணி ஈரமில்லை. நரி மட்டும்தான் ஈரமாக இருந்தது. கண்ணின் முடிச்சில் ஒரு துளி திரண்டு நின்றது. அன்று சாயங்காலம் மழை வந்தது. அடுத்த முறையும் அப்படித்தான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, நரி நசநசவென்றிருக்கும், மறுநாள் பொழுதுக்குள் மழை வந்துவிடும். சின்னம்மா சிரித்தாள். "நரிக்கு வேர்க்குது, அவ்ளோதான்." அப்பாவும் முதலில் சிரித்தார். அப்புறம் அவர் அளத்துக்குக் கிளம்புமுன் என் கட்டிலருகே வந்து நிற்க ஆரம்பித்தார். "இன்னாம்மா சொல்லுது உங்க நரி?" என்று சின்னம்மாவைக் கேட்பார். அவள் உள்ளங்கையை நரியின் மேல் விரித்து வைத்து, கண்ணை மூடி, காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்துச் சொல்வாள். ஈரம் என்றால் அப்பா ஆட்களை வைத்து உப்பு அம்பாரங்களைக் கீற்றுப் போட்டு மூடிவிடுவார். பக்கத்து அளத்தில் உப்பு கரைந்து ஓடிய மழையில் எங்கள் அளத்து உப்பு அப்படியே இருந்தது. அப்பாவுக்கு நல்ல பெயர். அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "கொழந்த தல வெச்சிப் படுக்கிற துணி. ஏதோ உசுரு இருக்கிற மாதிரி இருக்குதுடி" என்பாள்.

புரட்டாசி கடைசியில் ஒரு நாள் அம்மா அந்த உறையைக் கிணற்றடிக்கு எடுத்துப் போய்ச் சோப்புப் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி அலசிப் பிழிந்து காயப்போட்டாள். சாயம் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. சாயங்காலம் மறுபடி தலையணைக்கு மாட்டிவிட்டாள். அழுக்குத் துணியைத் துவைத்ததை யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

மறுநாள் காலை காற்று விழுந்து, கடல் பக்கம் சத்தமே இல்லாமல் இருந்தது. அப்பா கட்டிலருகே வந்து நின்றார். சின்னம்மா உள்ளங்கையை வைத்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தாள் என்பது என் நினைவு.

"காஞ்சிருக்குது மாமா. நல்லா காஞ்சிருக்குது."

அப்பா அம்பாரங்களை மூடவில்லை. ஆட்களையும் வரவேண்டாமென்று சொல்லிவிட்டார். சின்னம்மா அனுமந்தையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தலையணை உறை தைக்க ஒத்துக்கொண்டிருந்தாள். துணி மாட்டிய வளையத்தை எடுத்துக்கொண்டாள். குடையைக் கதவுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டாள். "வரப்பு மேலயே நடந்தா சீக்கிரம் போயிடலாம். பொழுதோட வந்துடறேன்க்கா" என்று சொல்லி இறங்கினாள்.

மத்தியானம் வானம் ஒரே பக்கமாகச் சரிந்து வந்தது. அந்த மழையில் பாத்தியும் வரப்பும் கால்வாயும் ஒரே வெள்ளையாகிவிட்டன. எது தரை எது தண்ணீர் என்று உள்ளூர்க்காரருக்கே தெரிந்திருக்காது. ஆட்கள் இருந்திருந்தால் யாராவது அவளைப் பார்த்திருப்பார்கள், குரல் கேட்டிருக்கும். அளத்தில் யாருமே இல்லை. கால்வாய்க் கரை முள்செடியில் அவளுடைய தையல் வளையம் மாட்டியிருந்தது. துணியில் ஒரு மயிலின் கழுத்து வரை தைத்திருந்தாள். சின்னம்மா கிடைக்கவில்லை.

கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உப்பை வாரிய பின் மிஞ்சும் அந்தக் கசப்புத் தண்ணீரில் இருக்கிற பொருள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நூலுக்குள் அது இருந்தவரை நரிக்கு மழை தெரிந்தது. நல்ல தண்ணீரில் அலசியபோது அது போய்விட்டது. அதன்பின் நரி வெறும் நூல். அதை நான் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அப்பா அதற்குப் பிறகு அந்த உறையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் மட்டும் எந்த வீட்டுக்குப் போனாலும் அதை எடுத்துப் போனேன், தினமும் தொட்டேன். ஐப்பசி மழையிலும், வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்த வருடத்திலும் அது காய்ந்தே இருந்தது. ஈரத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது காய்ந்து கிடப்பதுதான் பயம். பிள்ளை பிறந்த பிறகு அது இன்னும் கூடியது. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில்தான் அவளை வெளியே அனுப்ப என் மனம் அடித்துக்கொள்ளும்.

அப்படியிருக்க, போன சனிக்கிழமை அது ஈரமாக இருந்தது. நான் மகளிடம் போக வேண்டாம் என்றேன். அவள் ஷூ மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

"ஏம்மா? மழையா வருது? வெளிய வந்து பாரு."

"நரி நனைஞ்சிருக்குது."

சின்னம்மாவைப் பற்றி அவளுக்கு நான் எதுவும் சொன்னதில்லை. தையல் வேலைப்பாடுள்ள பழைய உறை என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பையை இறக்கிவிட்டுக் கட்டிலருகே போனாள். உள்ளங்கையை நரியின் மேல் விரித்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் அவளுக்கு அப்படிச் செய்யச் சொல்லித் தரவில்லை.

"காஞ்சிருக்குதும்மா," என்றாள். "நல்லா காஞ்சிருக்குது."

நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டு அதில் சாய்ந்து நின்றேன். ஹாரன் இன்னொரு முறை அடித்தது, பிறகு பஸ் நகரும் சத்தம் கேட்டது. அவள் அழுதாள். நாள் முழுக்க வெயில் சுட்டெரித்தது. சாயங்காலம் பஸ் பத்திரமாகத் திரும்பி வந்தது, பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். சன்னல் வழியே அவர்களைப் பார்த்த மகள் என் பக்கம் திரும்பவேயில்லை. நான் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று அவள் நினைக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

அன்று காலை பஸ் போய், அவள் அழுது ஓய்ந்து அடுத்த அறைக்குப் போன பிறகு நான் கட்டிலில் உட்கார்ந்தேன். வெயில் சன்னல் வழியே சாய்வாக விழுந்ததில் நரி என் பக்கம் தலையைத் திருப்பியிருந்தது. அந்தக் காபித்தூள் நிறக் கண்ணை விரலால் தொட்டு, விரலை நாக்கில் வைத்தேன்.

கசந்தது.