தரையில் வைக்காத டோலி

மன்னவனூர் நல்லுசாமிக்குக் கோபமே வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உருளைக்கிழங்குக் காட்டில் பன்றி புகுந்து பாதியைக் கிளறிப் போட்ட அன்றைக்கும், “அதுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தவர். அப்பேர்ப்பட்ட மனுசர் கொடைக்கானலில் சீசன் கூட்டத்துக்கு நடுவே ஒரு எஸ்டேட் முதலாளியைத் தூக்கிக்கொண்டு போன சங்கதியை மேல்மலைக்காரர்கள் இன்னமும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்கள். சிரிக்கிற சங்கதி இல்லை அது.

ஐம்பதுகளில் மன்னவனூர் மாதிரியான மேல்மலை ஊர்களுக்கு வண்டி போக வழி கிடையாது. காய்ச்சல் முற்றினாலும் பிரசவம் சிக்கலானாலும் டோலிதான். ஒரு மூங்கில் கம்பு, அதில் தொட்டில் மாதிரி கட்டிய கம்பளி, முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள். மாற்றுத் தோளுக்கு இரண்டு பேர் கூடவே நடப்பார்கள். காடும் மேடும் தாண்டிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கூலி வாங்குகிற வழக்கம் இல்லை. நல்லுசாமி இளவட்டமாக இருந்த நாளிலிருந்து முன்கம்பு அவருக்குத்தான். வலது தோள் காளை மாட்டுக் கழுத்தாட்டம் காய்ப்பேறிக் கிடக்கும்.

டோலிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தூக்கின டோலியை வழியில் தரையில் வைக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். கம்பு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குத்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில்தான் இறக்குவது. நடுவழியில் இறக்கினால் உள்ளே இருந்த உயிர் போய்விட்டது என்று அர்த்தம். எதிரே வருகிறவன் அதைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்காமல் தலைத்துண்டை அவிழ்ப்பான்.

நல்லுசாமி ஒரே ஒரு தடவைதான் வழியில் இறக்கியிருக்கிறார். தலைப்பிரசவத்துக்குத் தூக்கி வந்த தன் பெண்சாதி இருளாயியை. அன்றைக்குப் பின்கம்பு பிடித்தவன் அவளுடைய தம்பி மணியன். “மச்சான், அக்கா சத்தத்தையே காணோம்” என்று பின்னாலிருந்து அவன் சொன்னதும், சோலைக்காட்டு ஓடையோரம் இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்கம்பை மட்டும் விடவில்லை.

இப்படி இருக்கையில், ஒரு மே மாதம், மேல்மலைச் சீக்காளிகளுக்கு ஜீப் வாங்கிக் கொடுக்கப் போகிறோம் என்று கொடைக்கானலில் ஒரு கமிட்டி கூடியது. ஏரிக்கரை மைதானத்தில் தர்மச் சந்தை. கமிட்டித் தலைவர் சேனாதிபதி. பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டம், கொடைக்கானலில் பங்களா. ‘உங்கள் ஊர் டோலியும் ஆட்களும் தொண்டுக்கு வர வேண்டும்’ என்று அவரிடமிருந்து ஆள் வந்தது. இருக்கிற நடைபாதையை மழைக்கு முன்னால் கொஞ்சம் வெட்டி அகலப்படுத்தினால் ஜீப் ஊர்வரைக்கும் ஏறும் என்று பேச்சு. நல்லுசாமிக்குச் சந்தோசம். ஒரு சீக்காளி எப்படி வந்து சேருகிறான் என்று நாலு பேருக்குக் காட்டப் போகிறார்கள், பார்த்தால் கல்லும் கரையும் என்று நினைத்துக்கொண்டார். கம்பளியைத் துவைத்துக் காயவைத்து, சந்தையில் விற்க ஒரு மூட்டைக் கிழங்கும் பூண்டும் தன் பங்காகக் கட்டிக்கொண்டு, மணியனோடும் இன்னும் இரண்டு பேரோடும் வந்து இறங்கினார்.

சட்டையில் ஒரு ரிப்பனைக் குத்தினார்கள். டோலியை வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்தபோது, கம்பு முழுக்கக் கலர் காகிதம், நுனியில் குதிரை மணி. பக்கத்தில் ஒரு போர்டு: ‘அந்தக் காலத்துத் துரைமார் சவாரி’. சீட்டு வாங்கினவர்களை ஏற்றி மைதானத்தைச் சுற்ற வேண்டுமாம்.

“அய்யா, இது சீக்காளி டோலிங்க. வெளையாட்டுக்குத் தூக்குறதில்லைங்க.”

“அட, சீக்காளிக்காகத்தானேப்பா இவ்வளவும்!” என்றார் சேனாதிபதி. “சனங்க சிரிச்சாத்தான் பையில கைய விடும். மொத சவாரி நானே ஏறுறேன். மாட்டேன்னு போனீங்கன்னா ஜீப் வேற ஊருக்குப் போயிரும், பாத்துக்க.”

அந்தக் கடைசி வார்த்தைதான் நல்லுசாமியைக் குனிய வைத்தது. ஒரு சுற்று வந்தார்கள். மணி கலகலத்தது. சீசன் ஜனங்கள் கைதட்டினார்கள். போட்டோக்காரருக்கு முன்னால் வந்ததும் சேனாதிபதி, “போதும், இறக்கு. அடுத்த ஆளு ஏறட்டும்” என்றார்.

“இங்கெயாங்க? தரையிலயா?”

“பின்னே தலையிலயா?”

“உசுரோட இருக்கற ஆள வழியில இறக்க மாட்டோம்ங்க. செத்தாத்தான் இறக்குவோம்.”

கூட்டத்திலிருந்து ஒரு கோட்டுக்காரர், “அப்ப வெரசாச் செத்துருங்க சார், அடுத்தது நான்!” என்று கத்தினார். ஒரே சிரிப்பு. சேனாதிபதிக்கு உற்சாகம் தாங்கவில்லை. கம்பளிக்குள் கையைக் காலைப் பரப்பி, கண்ணைச் சொருகி, நாக்கை வெளியே தள்ளினார். “இந்தா, செத்துட்டேன்! இறக்கு!”

போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார்.

மணியன் பிடித்திருந்த பின்கம்பு நடுங்கியதை முன்தோளில் உணர்ந்தார் நல்லுசாமி. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சேனாதிபதியைக் கம்பாலேயே அடித்திருப்பார்.

“மாப்ளே, நட.”

“எங்கிட்டு மச்சான்?”

“எப்பவும் போற எடத்துக்கு.”

மைதானத்து வாசலைத் தாண்டியது டோலி. இதுவும் சவாரியில் சேர்த்தி என்று நினைத்த கூட்டம் பின்னாலேயே வந்தது. மேட்டு ரோட்டில் ஏறியதும் தொட்டில் ஆட ஆரம்பித்தது. “ஏய், எங்கடா போறே? இறக்குடா! போலீசைக் கூப்பிடுவேன்!” தொட்டிலுக்குள் கிடக்கிற கனத்த ஆள் தானாக எழுந்து இறங்கிவிட முடியாது, சீக்காளிகளுக்குத் தெரியும். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. “இறக்குறேன்ங்க, வாசல்ல இறக்குறேன்” என்று சொல்லிக்கொண்டே நடந்தார் நல்லுசாமி.

மேல்மலை டோலி என்று தூரத்திலேயே கண்டுகொண்ட நர்ஸ் அன்னக்கொடி ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வந்தாள். “எத்தனாவது பிரசவம்? வலி எப்ப எடுத்துச்சு?” என்று கேட்டபடி கம்பளியை விலக்கினாள். உள்ளே ரோஜாப்பூ மாலையோடு கமிட்டித் தலைவர்.

படியோரம் மெதுவாக இறக்கினார் நல்லுசாமி. யாரை இறக்கினாலும் அவர் கை அப்படித்தான் இறக்கும்.

“இவருக்கு ஒண்ணும் இல்லைங்கம்மா. மைதானத்துல செத்தாரு, இங்கன வந்து பொழைச்சுக்கிட்டாரு.” பிறகு சேனாதிபதியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். “நாக்க வெளிய தள்ளிக் காட்டுனீங்களே. அப்படித்தான் இருந்துச்சான்னு இந்தா நிக்கிறானே, இவன்ட்டக் கேளுங்க. இவன் அக்கா. என் பொஞ்சாதி. இந்த வாசலுக்கு அவ வந்து சேரலை.”

ரோட்டில் வந்த சிரிப்பெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது. சேனாதிபதி எழுந்து ஒரு காலில் செருப்போடு நின்றார். “எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். ஒரு ஊருக்கு ஜீப் வாங்கக் கிளம்பினவர், அந்த ஊரில் யார் செத்தார்கள் என்று ஒருத்தரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மணியன் உட்கார்ந்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான். “ஜீப்பு போச்சு மச்சான்.”

“போனாப் போகுது. அந்த மணியையும் அவுரு.”

ஜீப் பிறகு வந்தது, பாதை வந்த பிற்பாடு. சேனாதிபதி பேரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டுதான் வந்தது. அதுவரைக்கும் முன்கம்பு நல்லுசாமியிடமே இருந்தது. மறு சீசனில் கமிட்டி ஆள் வெட்கமில்லாமல் திரும்ப வந்தபோது, அவர் கிழங்கு மூட்டையைத் தைத்துக் கொடுத்தார்.

“இதக் கொண்டு போங்க. ஆளு வேணும்னா நானும் வாறேன், பந்தக்கால் ஊண்டுறேன், எச்சிலை எடுக்குறேன். டோலி வராது.”